டார்க் போர்ட்டரைச் சுவைத்து எடைபோடுவது எப்படி?

கேள்வி: முதல்முறையாக ஒரு டார்க் போர்ட்டர் பாட்டிலைத் திறந்தேன். கசப்பும் லேசான காபி வாசனையும் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாக்லேட், காரமல், உலர்பழம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அவை உண்மையிலேயே அதில் இருக்கின்றனவா? ஒரு போர்ட்டர் நல்லதா, சுமாரா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்:

இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. போர்ட்டர் என்பது வறுத்த மால்ட்டால், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியால், கறுத்த ஒரு பீர். அதன் உயிர் அந்த வறுவலில் இருக்கிறது. அந்த வறுவல் கருகலாக மாறும் எல்லைக்கு இப்பால் நிற்கிறதா, அடியில் ஓடும் மால்ட்டின் இனிப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறதா, விழுங்கிய பிறகு வாய் தெளிகிறதா அல்லது சாம்பல் படிந்ததுபோல வறண்டு கிடக்கிறதா என்பதைக் கவனியுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அந்த போர்ட்டரைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிட்டது என்றே சொல்வேன். சாக்லேட்டா, காரமலா என்ற விவரமெல்லாம் அதன் பிறகு தானாக வந்து சேரும்.

உங்களுக்குக் கசப்பு மட்டுமே தெரிந்ததற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணமாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்தால் பீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் மணப்பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு எட்டுவது குறைகிறது. நாக்கில் இனிப்பு மங்குகிறது. கசப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. வெளிர் லாகர் பீரைக் குளிர்ச்சிக்காகவே குடிக்கிறார்கள் என்பதால் அதற்கு இதில் பெரிய நஷ்டமில்லை. போர்ட்டருக்கு இது அநியாயம். அதற்கு ஏற்ற வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி. பாட்டிலை வெளியே எடுத்து, அறையின் வெப்பத்தைப் பொறுத்து இருபது நிமிடமோ அரை மணி நேரமோ விட்டுவிட்டுத் திறந்தால் போதும்.

அவசரப்படாமல் குடிப்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். முதல் மிடறில் கிடைக்கும் தீர்ப்பை நான் நம்புவதில்லை. கோப்பையில் கடைசி மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போது பீர் கொஞ்சம் சூடேறியிருக்கும், வாயுவும் அடங்கியிருக்கும். குளிரும் நுரையும் மூடி மறைத்த குறைகள் எல்லாம் அப்போது வெளியே வரும். நன்றாகச் செய்த போர்ட்டர் அந்தக் கட்டத்தில் இன்னும் இனிமையாகும். மோசமானது குடிக்க முடியாமல் போகும்.

வாசனைகள் உண்மையா என்ற சந்தேகத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வாங்குங்கள். கசப்பு, லேசான இனிப்பு, ஒரு நூல் புளிப்பு, அவ்வளவுதான் தெரியும். விழுங்கிவிட்டு, வாயை மூடியபடி மூக்கை விடுவித்து மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். காபியும் சாக்லேட்டும் ரொட்டித் தோலும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். அதனால்தான் மதிப்பிடும்போது ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் மூச்சை மூக்கு வழியாக வெளியே விடச் சொல்கிறார்கள். கசப்பு நாக்கின் அடியில் மட்டும், இனிப்பு நுனியில் மட்டும் தெரியும் என்று பள்ளிப் பாடத்தில் படித்த நாக்கு வரைபடத்தை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவைகளையும் நாக்கு முழுவதுமே உணர்கிறது. அதனால் பீரை வாய் முழுக்கப் பரவவிட்டுப் பிறகு விழுங்குங்கள்.

இந்த வறுவல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் சுவைப்பது இன்னும் எளிதாகும். போர்ட்டர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உருவானது. தெருக்களிலும் தேம்ஸ் நதித் துறைகளிலும் மூட்டை சுமந்த தொழிலாளர்கள் அதை விரும்பிக் குடித்தார்கள். அவர்களுடைய பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு அடிப்படை பிரவுன் மால்ட். முளைகட்டிய பார்லியைக் கடுமையான சூட்டில் உலர்த்திச் செய்ததால் அதில் முரட்டுத்தனம் இருந்தது. பெரிய மரத் தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடத்தி, அந்த முரட்டுத்தனம் தணிந்த பிறகே விற்பனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தொட்டிகளின் அளவுக்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 1814 அக்டோபர் 17 அன்று லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்த ஹார்ஸ் ஷூ ஆலையில் ஒரு போர்ட்டர் தொட்டி உடைந்து, பீர் வெள்ளம் அக்கம்பக்கக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 8 பேர் உயிரிழந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மால்ட் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி ஆலைகளில் புழக்கத்துக்கு வந்தது. பிரவுன் மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை வெளிர் மால்ட்டில் கிடைப்பதைவிட மிகவும் குறைவு என்ற உண்மை அப்போதுதான் கணக்கில் தெரிந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டின் பக்கம் சாய்ந்தன. செலவு குறைந்தது, ஆனால் நிறமும் வறுவலும் கூடவே போயின. அந்தக் குறையைத் தீர்த்தது 1817இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற உருளை வறுப்பான். சுழலும் உருளைக்குள் மால்ட்டைத் தீப்பிடிக்காமல் கறுப்பாக வறுத்தெடுக்க அது வழி செய்தது. அப்படி வறுத்த மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தாலே பீர் முழுவதும் கறுத்துவிடும்.

இன்று உங்கள் கோப்பையில் இருப்பது இந்த ஏற்பாட்டின் வாரிசு. பெரும்பகுதி வெளிர் மால்ட்; அதோடு பிரவுன், கிறிஸ்டல், சாக்லேட், பிளாக் என்று வெவ்வேறு பதத்தில் வறுத்த மால்ட்டுகள் சிறு சிறு பங்காக. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு. கிறிஸ்டல் மால்ட் காரமல், டாஃபி, சில சமயம் உலர்திராட்சை போன்ற இனிப்பைத் தருகிறது. பிரவுன் மால்ட் ரொட்டித் தோல், வறுத்த கொட்டைகள் ஆகியவற்றின் பக்கம் போகிறது. நாக்கில் மாவுபோல ஒரு வறட்சியையும் விட்டுச் செல்லும். சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் எதுவும் கிடையாது, ஆனால் அதே பதத்து வறுவல் என்பதால் கோகோவையும் இளம் காபியையும் நினைவூட்டுகிறது. பிளாக் மால்ட்டோ கடுங்காபி, கரி, கருகிய தோல். முதல் மூன்றும் பேசும் இடத்தில் கடைசியானது அடக்கமாகப் பின்னால் நின்றால் அது போர்ட்டர். கடைசியானது எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து கத்தினால், ஏதோ அளவு தவறியிருக்கிறது. பெரும்பாலான போர்ட்டர்களில் சாக்லேட், பிளாக் மால்ட்டுகள் இரண்டும் சேர்ந்து மொத்தத் தானியத்தில் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும் என்பதைப் பார்த்தால், அளவு எவ்வளவு நுட்பமான விஷயம் என்று புரியும்.

இனி கோப்பைக்கு வரலாம். வாய் சற்றுக் குறுகிய, வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பை நல்லது. மணம் உள்ளேயே தங்கும். கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் நுரை எழுந்தவுடன் செத்துவிடும், பிறகு பீரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. ஊற்றியபின் உட்சுவரில் குமிழ்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு நின்றால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம். பாதிக் கோப்பைக்குமேல் நிரப்ப வேண்டாம்.

தோற்றத்துக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. நுரை வெள்ளையாக இல்லாமல் இளம்பழுப்பாக இருக்கும். அது சில நிமிடங்களாவது நிற்க வேண்டும், குடிக்கக் குடிக்கக் கோப்பையின் உட்புறத்தில் சரிகைபோல வளையம் வளையமாகப் படிய வேண்டும். பிறகு கோப்பைக்குப் பின்னால் ஒரு விளக்கை வையுங்கள். கறுப்பு என்று நினைத்தது ஓரங்களில் மாதுளைச் சிவப்பாக ஒளிவிடும். கலங்கல் இல்லாத போர்ட்டரில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். பார்க்க அழகான காட்சி அது.

ஆனால் நிறத்தைச் சுவையின் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். உமி நீக்கிய கறுப்பு மால்ட் என்று ஒன்று விற்பனையில் இருக்கிறது. வறுவல் கசப்பு அதிகம் இல்லாமலேயே பீரைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடும். கண் சொல்வதை மூக்கு எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது என்பதற்கு பிரான்சின் போர்தோ நகரில் நடந்த ஓர் ஆய்வு பிரபலம். 2001இல் வெளியான அந்த ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஒயின் பயிலும் மாணவர்கள் 54 பேர் கொண்ட குழு அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தது. போர்ட்டரின் கருமை இதைவிடப் பெரிய தூண்டில். கறுப்பைப் பார்த்தவுடன் "காபி" என்று மனம் எழுதிவிடுகிறது. அதனால் முதல் முகர்வைக் கண்களை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

முகர்வதற்கு ஒரு முறை உண்டு. கோப்பையை மெதுவாக ஒருமுறை சுழற்றி, ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சாதாரணமாக மூச்சை இழுங்கள். லேசான, சீக்கிரம் பறந்துபோகும் மணங்கள் இங்கே கிடைக்கும்: பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் தரும் பழ வாசனை, பீருக்குக் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் மண் வாசனை அல்லது பச்சிலை வாசனை. பிறகு மூக்கைக் கோப்பைக்குள் இறக்கிச் சின்னச் சின்னதாக இரண்டு, மூன்று முகர்வுகள். கனமான வறுவல் மணம் இப்போதுதான் வரும். தொடர்ந்து முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். இடையில் உங்கள் முழங்கையின் உட்புறத் தோலையோ வெறும் காற்றையோ முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

வறுவலைப் படிகளாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மிகவும் உதவும். கீழ்ப்படியில் பிஸ்கட், டோஸ்ட். அதற்கு மேல் ரொட்டித் தோல், வறுத்த கொட்டை. பிறகு பால் சாக்லேட், டார்க் சாக்லேட், காபி. உச்சியில் கடுங்காபி, கரி, சாம்பல். ஒரு போர்ட்டரை முகர்ந்தவுடன், "இது எந்தப் படியிலிருந்து எந்தப் படிவரை பரவியிருக்கிறது?" என்று மட்டும் உங்களையே கேளுங்கள். கொட்டையில் தொடங்கி டார்க் சாக்லேட்டில் முடிந்தால் மென்மையான போர்ட்டர். சாக்லேட்டில் தொடங்கிக் கடுங்காபியில் முடிந்தால் திடமானது. ஒரே படியில் மட்டும் நின்றால் அது சலிப்பூட்டும் பீர். குறை என்று எழுத முடியாவிட்டாலும் மதிப்பெண் குறையும். கீழ்ப்படிகள் எதுவுமே இல்லாமல் நேராகச் சாம்பலிலேயே நிற்பதுதான் இந்த வகையில் அடிக்கடி காணும் குற்றம். மூத்தவர்கள் பயன்படுத்தும் சுவைச் சக்கரம் என்ற ஒன்று இருக்கிறது. மார்ட்டன் மெயில்கார்ட் 1970களில் உருவாக்கியது, பீரின் மணங்களையும் சுவைகளையும் வட்டமாக வகைப்படுத்துகிறது. பயனுள்ளதுதான். ஆனால் தொடக்கத்திலேயே அத்தனை சொற்களைக் கையில் வைத்துக்கொண்டால், பீரில் இல்லாததையும் தேடத் தொடங்கிவிடுவீர்கள். இந்த ஏணியே முதலில் போதும்.

இப்போது மிடறு. வாயில் நிறைய வாங்காமலும் நாக்கை நனைப்பதோடு நிறுத்தாமலும், ஒரு பெரிய மேசைக்கரண்டி அளவு எடுங்கள். முதல் மிடறு வாயைக் கழுவத்தான், அதை மதிப்பிட வேண்டாம். இரண்டாவதிலிருந்து கவனியுங்கள். நல்ல போர்ட்டரில் மால்ட்டின் இனிப்பு முதலில் வந்து இடம் பிடிக்கும், நடுவில் வறுவல் எழும், கடைசியில் கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துக்கொண்டு போகும். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகக் கைமாற வேண்டும். இனிப்பு கடைசிவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பாகு குடித்தது போலாகிவிடும், இரண்டாவது கோப்பை இறங்காது. இனிப்பே இல்லாவிட்டால் வறுவல் அந்தரத்தில் தொங்கும்.

எல்லோரும் தடுமாறும் இடம் கசப்புதான். போர்ட்டரில் கசப்பு இரண்டு வழியாக வருகிறது, அவற்றோடு துவர்ப்பும் சேர்ந்துகொண்டு குழப்புகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "கசக்கிறது" என்று மட்டும் எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை. ஹாப்ஸின் கசப்பு சுத்தமானது, நேர்க்கோடு போன்றது. விழுங்கிய பிறகு சற்றுத் தாமதமாக ஏறி, நீண்ட நேரம் நின்று, மெல்ல இறங்கும். வறுவலின் கசப்பு உடனே வரும், கூடவே காபியின் மணத்தையும் காபிக்கு உள்ளது போன்ற லேசான புளிப்பையும் அழைத்து வரும். துவர்ப்பு சுவை என்பதைவிடத் தொடு உணர்வு. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும்: விழுங்கி ஐந்தாறு நொடி கழித்து, நாக்கின் மேற்புறத்தை அண்ணத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கவலையில்லை. சொரசொரவென்று பிடித்து இழுத்தால், ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் சுருங்குவது போலிருந்தால், அது துவர்ப்பு.

ஒரு மெல்லிய துவர்ப்பு போர்ட்டருக்கு இலட்சணமாகவே இருக்கும், அடுத்த மிடறுக்கு அழைக்கும். அது நாலைந்து நொடியில் கரைய வேண்டும். கரையாமல் மிடறுக்கு மிடறு கூடிக்கொண்டே போனால் ஆலையில் தவறு நடந்திருக்கிறது. மால்ட்டிலிருந்து சாறு எடுத்த பிறகு மிச்சச் சர்க்கரைக்காகத் தானியத்தின்மேல் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். அந்த நீர் 77 டிகிரிக்கு மேல் சூடானாலோ, பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை கழுவினாலோ உமியிலுள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் இறங்கிவிடும். அளவுக்கு மீறிய கறுப்பு மால்ட்டும் இதே விளைவைத் தரும். நீரின் தன்மைக்கும் இதில் பங்கு உண்டு. கறுத்த மால்ட்டுகளுக்கு அமிலத்தன்மை அதிகம். லண்டனின் கார்பனேட் நிறைந்த கிணற்று நீர் அந்த அமிலத்தை ஈடுகட்டியது. அந்த ஊர் போர்ட்டருக்குப் பெயர்பெற்றதில் அந்த நீருக்கும் பங்கு உண்டு. மிகவும் மென்மையான நீரில், அதைச் சரிசெய்யாமல் போர்ட்டர் செய்தால் வறுவல் கூர்மையாகி, தொண்டையில் காறல் எடுக்கும். "நல்ல மால்ட்தான், ஆனாலும் ஏதோ உறுத்துகிறதே" என்று தோன்றும் போர்ட்டர்களில் பல இந்த ரகம்.

வாயில் அதன் கனம் நடுத்தரமாக இருக்க வேண்டும். தண்ணீர் போல ஓடிவிடவும் கூடாது, எண்ணெய் போலத் தங்கவும் கூடாது. வாயு மிதமாகப் போதும். அதிகமானால் கார்பானிக் அமிலத்தின் சுருக்கென்ற கடி வறுவலோடு சேர்ந்து பீரைக் கரடுமுரடாக்கிவிடும். சில போர்ட்டர்களை நைட்ரஜன் சேர்த்து ஊற்றுகிறார்கள். குமிழ்கள் பொடியாகி, வாயில் பாலாடை போல வழுக்கும். குடிக்கச் சுகமாகவே இருக்கும், ஆனால் மணம் அடங்கிப்போகும், ஹாப்ஸ் பின்வாங்கிவிடும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் சாதாரண வாயுவுள்ள பாட்டிலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதிப்பிடும்போது எந்த வகைப் போர்ட்டர் என்பதைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பு மூன்று முக்கியமான வகைகளைத் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. இங்கிலீஷ் போர்ட்டர் 4 முதல் 5.4 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது; சாக்லேட், காரமல், கொட்டை என்று மென்மையாக நிற்கும். அமெரிக்கன் போர்ட்டர் 4.8 முதல் 6.5 வரை, வறுவலும் ஹாப்ஸும் துணிந்து பேசும், லேசான கருகல் வாடைகூட அங்கே குற்றமாகாது. பால்டிக் போர்ட்டர் 6.5 முதல் 9.5 வரை போகும். இங்கிலாந்திலிருந்து பால்டிக் கடலோர நாடுகளுக்குக் கப்பலேறிய வலுவான பீர்களின் வழிவந்தது அது. பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்டால் குளிரில் நொதிக்கவைக்கப்படுகிறது. உலர்திராட்சை, கரும்புப்பாகு, செர்ரி போன்ற இனிமை அதிகம், கருகல் அறவே கூடாது. போலந்தின் ஷிவியெத்ஸ் போர்ட்டர், பின்லாந்தின் சினேபிரிகோஃப் போர்ட்டர் ஆகியவை அந்தப் பகுதியின் பெயர்பெற்ற போர்ட்டர்கள். அமெரிக்கன் போர்ட்டருக்குப் பழகிய நாக்கோடு இங்கிலீஷ் போர்ட்டரைக் குடித்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று எழுதுவது அந்த பீருக்குச் செய்யும் துரோகம்.

ஸ்டவுட் என்ற இன்னொரு கறுப்பு பீருக்கும் போர்ட்டருக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி எப்படியும் வரும். வலிமையான போர்ட்டரைத்தான் முதலில் ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள், பிறகு பின்பாதி உதிர்ந்துவிட்டது. டப்ளினில் 1759இல் ஆலையைக் குத்தகைக்கு எடுத்த ஆர்தர் கின்னஸின் நிறுவனம்கூட 1799 முதல் போர்ட்டர் வகைகளை மட்டுமே காய்ச்சத் தொடங்கி, அந்த வழியில்தான் ஸ்டவுட்டுக்கு வந்தது. இன்றைய நிலையில், முளைகட்டாத பார்லியை வறுத்துச் சேர்ப்பதால் வரும் காய்ந்த, கூரிய காபிக் கசப்பு ஐரிஷ் ஸ்டவுட்டின் அடையாளம். சாக்லேட்டும் காரமலும் முன்னிற்கும் உருண்டையான சுவை போர்ட்டரின் அடையாளம். எல்லைக்கோட்டில் நிற்கும் பீர்கள் ஏராளம், அவற்றுக்காகச் சண்டை போடுவது வீண்.

குறைகளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வறுவல் பல பாவங்களை மறைத்துவிடும். வெளிர் பீரில் உடனே காட்டிக்கொடுக்கும் குறைகள் இங்கே காபி வாசனைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெண்ணெய் வாசனை, பாப்கார்னின் மேல் ஊற்றும் செயற்கை வெண்ணெய் போல வந்தால், அது டயாசெட்டில். நொதித்தலின்போது ஈஸ்ட் உருவாக்கிவிட்டுப் பிறகு தானே சுத்தம் செய்ய வேண்டிய பொருள் அது. அவசரமாகப் பீரை ஈஸ்ட்டிலிருந்து பிரித்தால் தங்கிவிடும். இங்கிலீஷ் போர்ட்டரில் மிகக் குறைந்த அளவு அனுமதிக்கப்படுகிறது. காரமலோடு அதைக் குழப்பிக்கொள்வது சகஜம். காரமலுக்கு வாயில் இனிப்பு துணைவரும். டயாசெட்டில் அதிகமிருந்தால் நாக்கில் வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதை வைத்துப் பிரித்தறியலாம். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் பீர் இளசாகவே பாட்டிலுக்குப் போய்விட்டது என்று பொருள்.

புளிப்பு சிக்கலான விஷயம். வறுவலுக்கே கொஞ்சம் புளிப்பு உண்டு என்று சொன்னேன். அது காபியின் புளிப்பு போல, வறுவலோடு வந்து வறுவலோடு போய்விடும். பாக்டீரியா புகுந்த பீரின் புளிப்பு வேறு: வறுவல் அடங்கிய பிறகும் நாக்கின் ஓரங்களில் நிற்கும், எச்சில் ஊற வைக்கும், சில சமயம் வினிகர் நெடியும் சேரும். பீர் இலேசாகிவிட்டதுபோல, உடல் இல்லாததுபோலத் தோன்றும். பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்தால் சந்தேகம் உறுதியாகும். ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். தொட்டியில் கிடந்து முதிர்ந்த பழைய இங்கிலாந்து பீர்களின் தனித்த சுவைக்குக் காரணமான காட்டு ஈஸ்ட்டை, கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் 1904இல் பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார். தோல் வாரையும் தொழுவத்தையும் நினைவூட்டும் அந்த மணத்தை இன்றும் சில ஆலைகள் வேண்டுமென்றே கொண்டுவருகின்றன. லேபிளில் அப்படிச் சொல்லியிருந்தால் அது குறையல்ல.

நாள்பட்ட பீர் ஆக்சிஜனால் கெடும்போது ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வரும் என்பார்கள். போர்ட்டரில் அது அவ்வளவு வெளிப்படையாக வராது. பழைய திராட்சை மது போன்ற ஒரு தேங்கிய இனிப்பு வரும், வறுவல் மழுங்கும், முடிவில் காகிதம் மென்றது போன்ற வறட்சி மட்டும் நிற்கும். வலுவான பால்டிக் போர்ட்டரில் அந்தத் திராட்சை மதுத் தன்மை அழகாக முதிர்ந்து வருவதும் உண்டு. 5 விழுக்காட்டுப் போர்ட்டரில் அது வெறும் முதுமைதான். சோயா சாஸ் வாடை வந்தால் ஈஸ்ட் செத்துச் சிதைந்திருக்கிறது அல்லது பீர் மிகவும் பழையது.

எண்களில் எழுத விரும்பினால் பி.ஜே.சி.பி.யின் 50 மதிப்பெண் முறை போதுமானது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்தத் திருப்திக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். 30க்கு மேல் வாங்கினால் மிக நல்ல பீர், 38ஐத் தாண்டினால் சிறந்தது, 45க்கு மேல் அபூர்வம். முதலில் சொற்களில் எழுதுங்கள், பிறகு எண் போடுங்கள். எண்ணை முதலில் போட்டால் சொற்கள் அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரியாக, இங்கிலீஷ் வகையின் நல்ல எடுத்துக்காட்டான ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டரைப் பற்றிய என் குறிப்பு இது. ஆல்கஹால் 5.4 விழுக்காடு, பிரவுன், கிறிஸ்டல், சாக்லேட் மால்ட்டுகள், ஃபகிள்ஸ் ஹாப்ஸ். "மணத்தில் பால் சாக்லேட்டும் வறுத்த கொட்டையும் முன்னால், காபி பின்னால். ஹாப்ஸ் லேசான மண் வாசனையாக மட்டும். வாயில் காரமல் இனிப்பு தொடங்கி, நடுவில் கோகோ பரவி, முடிவில் ரொட்டித் தோலின் வறட்சி. கசப்பு மிதம், ஹாப்ஸுடையது. வறுவல் கசப்பு ஓரத்தில் மட்டும். துவர்ப்பு மூன்று நொடியில் மறைகிறது. சூடேறியபோது சாக்லேட் கூடியது, கருகல் தலைகாட்டவில்லை." இவ்வளவுதான். இதில் அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் படிப்பவருக்கு அந்த பீர் புரியும்.

அடுத்த பாட்டிலுக்கு 5 விழுக்காட்டை ஒட்டிய ஓர் இங்கிலீஷ் போர்ட்டரைத் தேர்ந்தெடுங்கள். காபி, வெனிலா, தேங்காய் என்று ஏதாவது சேர்த்த போர்ட்டர்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்; மால்ட் தரும் காபி மணம் எது, கொட்டிய காபித்தூள் தரும் மணம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். பாட்டிலில் அடைத்த தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. முடிந்தால் கூடவே ஒரு ஐரிஷ் ஸ்டவுட்டையும் வாங்கி, இரண்டையும் ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றி, எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும், இடையிடையே தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். எதில் வறுவல் மிடறின் நடுவில் எழுகிறது, எதில் முடிவில் எழுகிறது என்பதை மட்டும் முதல் சுற்றில் எழுதிவையுங்கள். படிகளையும் பெயர்களையும் இரண்டாவது சுற்றுக்கு விட்டுவிடலாம்.